நாவை அளக்கும் கோல்

2018 மே மாதம், நோன்பு தொடங்கப் பத்து நாட்கள் வரை இருந்தன. ஒரு காலத்தில் என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படித்தவர், அப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் மருந்தகவியல் பிரிவில் விரிவுரையாளராக இருந்தார். அவர் தொலைபேசியில் அழைத்து, “சேர், நீங்க கதை எழுதுறவர்தானே. ஒரு நாளைக்கு எங்களுக்காக நோயாளியா நடிக்க ஏலுமா?” என்று கேட்டார்.

பரீட்சையாம். மருந்தாளராக வெளியேறப் போகும் மாணவர்கள் நோயாளியுடன் எப்படிக் கதைக்கிறார்கள் என்று பார்த்துப் புள்ளி போடும் பரீட்சை. பாடங்கள் ஆங்கிலத்தில், மாணவர்களிற் பெரும்பாலோர் சிங்களவர், ஆனால் மருந்துக்கு வருபவர்களில் தமிழ் மட்டுமே தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் அல்லவா, ஆகவே ஓரிடத்திலாவது நோயாளி தமிழில் கதைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்று அனுமதி வாங்கியிருந்தார். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்துவிட்டது. ஒப்புக்கொண்டேன்.

இரண்டு பக்கத்தில் எனக்கு ஒரு வாழ்க்கை எழுதித் தந்தார்கள். வயது அறுபத்து மூன்று. ஓய்வுபெற்ற தபாலதிபர். சீனி வருத்தம் இருப்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. டொக்டர் மெட்போமின், கிளிக்லசைட் என்று இரண்டு குளிசைகள் எழுதியிருக்கிறார். அடியில் தடித்த எழுத்தில் ஓர் அறிவுறுத்தல்: ‘இவர் வரும் றமழானில் முழு நோன்பும் பிடிக்க உத்தேசித்துள்ளார். கேட்டால் மட்டும் சொல்லவும். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம்.’

சாப்பாடு இல்லாத நீண்ட பகலிற் கிளிக்லசைட் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடக் கூடும். வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழும் நிலை வரும். மெட்போமினில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே நோன்பைப் பற்றிக் கேட்பவர், மருந்து நேரத்தை மாற்றுவது குறித்து டொக்டரிடம் திரும்பப் போகச் சொல்வார். கேட்காதவர், ‘காலையில் சாப்பாட்டுக்கு முன்’ என்று சொல்லி என்னை அனுப்பிவிடுவார். என் வாயில் ஒளித்து வைத்த அந்த ஒரு வசனத்தை வெளியே எடுப்பதுதான் பரீட்சையின் சூட்சுமம்.

இந்த முறை நமது கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் ஹவர்ட் பெரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963 இல் ஆரோக்கியமான ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்களைப் பரிசோதித்தார். மருத்துவத்தை நாடகமாக்குகிறார் என்று அவரைச் சிரித்தவர்கள் பலர். 1975 இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் ரொனல்ட் ஹார்டனும் அவரது சகாக்களும் அதையே ஒரு பரீட்சை முறையாக ஒழுங்குபடுத்தினார்கள். வரிசையாக மேசைகள் அல்லது அறைகள் இருக்கும், மணி அடித்ததும் மாணவர் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்வார், ஒவ்வோர் இடத்திலும் ஒரு வேலை, ஒரு பரீட்சகர், அவர் கையில் ஒரு தாள். ‘ஒஸ்கி’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இன்று உலகெங்கும் மருத்துவ, மருந்தகவியல், தாதியர் பீடங்களில் இது நடக்கிறது.

அந்தத் தாளைப் பரீட்சகரின் தோளுக்கு மேலால் நானும் பார்த்தேன். தன்னை அறிமுகம் செய்தாரா, நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதி செய்தாரா, கண்ணைப் பார்த்துக் கதைத்தாரா, மருந்தின் பெயர், அளவு, நேரம், பக்க விளைவு சொன்னாரா, கேள்விகள் உண்டா என்று கேட்டாரா, நன்றி சொன்னாரா. ஒவ்வொன்றுக்கும் எதிரே சிறு கட்டம். கடைசியில் தனியாக ஒரு வரி: ‘இவரிடம் மீண்டும் மருந்து வாங்க வருவீர்களா?’ ஐந்துக்கு எத்தனை என்று நோயாளியாகிய நான் போட வேண்டும்.

அன்று காலை பதினெட்டுப் பேர் என் முன் வந்து போனார்கள். இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருத்தி நம்மவள். பர்தா அணிந்திருந்தாள். தமிழ் அருவி மாதிரி வந்தது. ஸலாம் சொன்னாள், பெயர் சொன்னாள், “உட்காருங்க சாச்சா” என்றாள். மருந்தை உறையிலிருந்து எடுத்துக் காட்டினாள், நேரம் சொன்னாள், வயிற்றுப் பிரட்டல் வரலாம் என்றாள், தலை சுற்றினால் உடனே இனிப்பாக ஏதாவது குடிக்கச் சொன்னாள். கடைசியில், “வேற ஏதும் கேக்க ஈக்கிதா சாச்சா?” என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். மணி அடித்தது. கட்டங்கள் அனேகமாக நிறைந்துவிட்டன. ஆனால் நோன்பு பற்றிய கேள்வி மட்டும் வரவில்லை.

மற்றவன் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பொடியன். அறிமுகம் செய்ய மறந்தான். தமிழில் பத்துச் சொல் தெரிந்திருக்கும். வியர்த்தது. ‘சாப்பாடு’ என்ற சொல்லைத் தேடி அரை நிமிடம் போயிற்று. பிறகு ஒரு கடதாசியை எடுத்துச் சூரியன் ஒன்று வரைந்தான், சந்திரன் ஒன்று வரைந்தான், நடுவிலே கோடு போட்டுக் குளிசையின் இடத்தைக் குறித்தான். குறித்துவிட்டு அந்தச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து, “ஐயா... முஸ்லிம்? நோம்பு?” என்றான். ஆம் என்றேன். வரைந்த படத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு, “இது பிழை. டொக்டர்... ஆயெத்... திரும்ப” என்று சொல்லிக்கொண்டிருக்கையில் மணி அடித்துவிட்டது. பக்க விளைவு சொல்லவில்லை. மற்ற மருந்தைத் தொடவே இல்லை. நன்றியும் சொல்லவில்லை.

அவனுக்கு ஐந்து போட்டேன். அவளுக்கு இரண்டு.

பரீட்சகரின் கணக்கில் அவள் மிக நன்றாகவும் அவன் அரும்பொட்டிலும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு அந்தத் தாளின் மேல் கோபமாக இருந்தது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு விளங்க வைப்பதைக் கட்டம் போட்டு அளக்கலாமா, அளப்பவர்கள் எதை அளக்கிறார்கள் என்று மனம் கேட்டுக்கொண்டே வந்தது. இக்கட்டுரை அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான். பிறகு அது அப்படியே நிற்கவில்லை.

முதலில் அந்தத் தாளுக்காகச் சில வார்த்தைகள் பேச வேண்டும். அது வருவதற்கு முன்னர் இருந்தது வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியர் இருப்பார், மாணவர் நிற்பார். பேராசிரியருக்குப் பிடித்தால் பாஸ். எந்தப் பாடசாலை, எந்த ஊர், என்ன பெயர், ஆங்கில உச்சரிப்பு எப்படி என்பனவெல்லாம் புள்ளிக்குள் புகுந்துகொள்ளும், புகுந்தது யாருக்கும் தெரியாது. அந்தக் கோடு போட்ட தாள் வந்த பின்னர், பெயரைச் சொன்னாரா என்றால் சொன்னார் அல்லது சொல்லவில்லை. அதற்கு ஸஹீராவா ரோயலா என்ற பேதமில்லை. சிறுபான்மையாய் வாழும் நம்மவரின் பிள்ளைகளுக்கு அது சின்னப் பாதுகாப்பல்ல. இதை மறந்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்தெறியச் சொல்வது, நன்றாகக் கதைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஒரு வீரம்.

ஆனாலும் அதன் குறையை அத்துறையினரே அறிந்திருக்கிறார்கள். கனடாவின் டொரொன்டோவில் பிரயன் ஹொட்ஜஸும் சகாக்களும் 1999 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இத்தகைய தாள்களின்படி அனுபவம் மிக்க மருத்துவர்கள் மாணவர்களை விடக் குறைந்த புள்ளியே பெற்றார்கள். அனுபவசாலி எல்லாவற்றையும் கேட்பதில்லை. எங்கே தோண்ட வேண்டுமோ அங்கே தோண்டுவார். தாளுக்கு அது தெரியாது, அது எத்தனை குழி என்று எண்ணும்.

நமது பழைய நூல்களிலும் மருந்து விற்பவரைப் பரீட்சித்த கதை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ பதிந்திருக்கிறார். கலீபா மஃமூனின் அவையிலே இரசவாதி ஒருவர், இந்த மருந்துக்காரர்களிடம் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், எதையாவது எடுத்துத் தந்து காசை வாங்கிக்கொள்வார்கள் என்று முறையிட்டார். கலீபா சோதித்துப் பார்க்க விரும்பினார். ‘ஸகதீஸா’ என்றொரு மருந்து வேண்டுமென்று கடை கடையாக ஆளனுப்பினார். அது மருந்தே அல்ல, பக்தாதுக்கு அருகிலுள்ள ஒரு நிலத்தின் பெயர். கடைக்காரர்கள் எல்லாரும் உண்டு என்றார்கள். ஒருவர் விதை கொடுத்தார், இன்னொருவர் கல் கொடுத்தார், வேறொருவர் ஏதோ உரோமத்தைக் கொடுத்தார். பின்னர் பாபக்கை எதிர்த்த போரில், பாசறையில் இருந்த மருந்து வியாபாரிகளைத் தளபதி அல் அப்ஷீன் இதே விதமாகப் பரீட்சித்தார். மருந்தல்லாத இருபது பெயர்களைக் கொடுத்தனுப்பினார். தெரியாது என்று சொன்னவர்களுக்குப் பாசறையில் இருக்க அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். உண்டு என்று கொடுத்தவர்களை வெளியேற்றினார்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ‘ஒஸ்கி’ என்று இதைச் சொன்னால் மிகையாகாது. போலி நோயாளி இருக்கிறார், எழுதப்பட்ட பிரதி இருக்கிறது, சித்தியும் தவறுதலும் இருக்கின்றன. ஒரே ஒரு கட்டந்தான் அந்தத் தாளில்: ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னாரா? இன்றைய தாளிலே, நான் பார்த்த மட்டில், அந்தக் கட்டம் இல்லை.

இன்னொரு கதையும் உண்டு. ஹிஜ்ரி 319 இல், அதாவது 931 இல், மருத்துவர் ஒருவரின் பிழையால் பக்தாதில் ஒருவர் இறந்துபோனார். கலீபா முக்ததிர், ஸினான் இப்னு தாபித் என்பவரைக் கொண்டு நகரத்து மருத்துவர்கள் எல்லாரையும் பரீட்சிக்க ஆணையிட்டார். 860 பேருக்கு மேல் பரீட்சிக்கப்பட்டதாக இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். அவர்களில் நல்ல உடையணிந்த முதியவர் ஒருவர், ஸினானிடம் கொஞ்சம் பொற்காசை வைத்து, தனக்கு எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாது என்றும், குடும்பம் இந்தத் தொழிலில்தான் உண்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டு, தெரியாத நோயில் கைவைக்க வேண்டாம், இரத்தம் குத்தியெடுப்பதையும் கடும் பேதி மருந்தையும் தொட வேண்டாம் என்று கட்டுப்படுத்தி விட்டுவிட்டார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் படித்தீர் என்று கேட்க, என் தகப்பனிடம் என்றார். நேற்று வந்த அந்த முதியவர்தான் தகப்பன். அந்த நிபந்தனையோடேயே மகனும் விடப்பட்டார். இதை வாசித்து நாம் சிரிக்கிறோம். ஆனால் ஸினான் செய்தது இலேசான காரியமல்ல. பரீட்சை என்பது ஒருவரைத் தள்ளுவதற்கோ கொள்ளுவதற்கோ மட்டுமல்ல, அவருடைய எல்லை எது என்று அவருக்கே காட்டவும்தான் என்று அவர் கருதியிருக்க வேண்டும். (பொற்காசைத் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்க வேண்டாம்.)

இனி என் ராத்தாவின் கதை. இதைச் சொல்லாமல் நான் ஏன் அந்தப் பொடியனுக்கு ஐந்து போட்டேன் என்பதைச் சொல்ல முடியாது.

2016 இல் ராத்தாவுக்கு மூட்டுவாதம் முற்றி, கிளினிக்கில் மெதொட்ரெக்சேட் எழுதினார்கள். இரண்டரை மில்லிகிராம் குளிசை, கிழமையில் ஒரு நாள் மட்டும் நாலு. மருந்து கொடுக்கும் கருமபீடத்தில் வழக்கமான சனம். கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே இருந்தவர் சிங்களத்திலே சொன்னார். ராத்தாவுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். ‘ஹத்தர’ என்பதும் ‘ரா கேமட பஸ்ஸே’ என்பதும் காதில் விழுந்தன. நாலு, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு. கிழமைக்கு ஒருமுறை என்று சொன்ன சொல் கண்ணாடியில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. “தேருணாத?” என்று கேட்டார் உள்ளே இருந்தவர். “ஓவ் மிஸ்” என்று ராத்தா சொன்னார்.

ஆறு இரவுகள் நாலு நாலாக விழுங்கினார். ஏழாம் நாள் வாயெல்லாம் புண். தண்ணீர் கூட இறங்கவில்லை. காய்ச்சல். இரத்தத்தின் வெள்ளணுக்கள் விழுந்துவிட்டன என்றார்கள். பதினேழு நாள் வார்ட்டில் இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் மீண்டு வந்தார். கிழமைக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய இந்தக் குளிசையைத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மருந்துலகில் பெயர் போன பிழை இது.

யார் பிழை? உள்ளே இருந்தவர் சொல்லத்தான் செய்தார். விளங்கியதா என்றும் கேட்டார். தாளை வைத்துப் பார்த்தால் அவருக்குப் புள்ளி உண்டு. ராத்தா ஏன் ஓம் என்றார்? நான் கேட்டேன். “பின்னால நூறு பேர் நிக்கிறாங்க தம்பி. வெளங்கல்ல எண்டு எப்பிடிச் சொல்ற? அந்தப் புள்ளையும் காலையில இருந்து நிண்டுட்டு ஈக்கிது” என்றார். மருந்து கொடுப்பவரின் களைப்பின் மேல் இரக்கப்பட்டு என் ராத்தா சாகக் கிடந்தார். விளங்கியதா என்ற கேள்விக்கு நம் பெண்கள் விளங்கவில்லை என்று பதில் சொல்வதில்லை. அது கேள்வியே அல்ல, போகலாம் என்பதற்கு இன்னொரு சொல். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது கண்ணாடி ஓட்டை வரை வந்து சேரவில்லை.

தலையாட்டலின் விலை எவ்வளவு என்பதற்கு இந்த நாட்டில் வேறோர் உதாரணமும் உண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, மலட்டுக் குளிசை போட்டாயா என்று கேட்டார்கள். காசு மேசையில் இருந்த இளைஞருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கேள்வி விளங்காமல் அவர் ஆம் என்ற பாவனையில் தடுமாறியது படமாக்கப்பட்டு முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாக் கட்டி என்று பின்னர் அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னது. உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் மார்ச் முதல் வாரத்தில் திகன எரிந்துவிட்டது. மருந்தைப் பற்றிய அறியாமையும், மொழி விளங்காத ஒரு தலையாட்டலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கண்டி மாவட்டத்தில் இருக்கும் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

திகனவுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தப் பரீட்சை. அந்த இரண்டு மாதமும் என் நெஞ்சில் இருந்தது. ஒரு சிங்களப் பொடியன் தட்டுத்தடுமாறி ‘நோம்பு?’ என்று கேட்டபோது என் கண் கலங்கிற்று. நான் ஐந்து போட்டது அவனுடைய மருந்தறிவுக்கா, அல்லது அந்த ஒரு சொல்லுக்கா? இன்று நேர்மையாகச் சொன்னால், அந்தச் சொல்லுக்குத்தான். நோயாளியின் கோலும் வளைந்த கோல்தான்.

மருந்து கொடுப்பவரின் பேச்சை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலின் ஒரு பாதி இதுதான்: நாவில் அளக்கக் கூடாது, காதில் அளக்க வேண்டும். சொன்னாரா என்பதைப் பார்க்கும் தாள் பேச்சை அளக்கிறது. கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்பதைப் பார்ப்பதுதான் தொடர்பாடலை அளப்பது. அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான சுகாதார சேவையில் மருந்தாளர்கள் மூன்று கேள்விகளை வைத்துப் பழகினார்கள். இந்த மருந்து எதற்கென்று டொக்டர் சொன்னார்? எப்படி எடுக்கச் சொன்னார்? என்ன எதிர்பார்க்கச் சொன்னார்? ஆம், இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்விகள். கடைசியில், நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டில் எப்படி எடுப்பீர்கள் என்று ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்பது. இந்தக் கேள்வியில் ஒரு பண்பு இருக்கிறது. பரீட்சை நோயாளிக்கல்ல, எனக்கு என்று அது ஒப்புக்கொள்கிறது. ராத்தாவிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால், “ராவைக்கு ராவைக்கு நாலு” என்று அவர் சொல்லியிருப்பார். பதினைந்து விநாடிக்கு மேல் ஆகாது.

நமக்கு இது புதிதுமல்ல. முக்கியமான வார்த்தையை நபிகளார் (ஸல்) விளங்கும் பொருட்டு மூன்று முறை சொல்வார்கள் என்று ஸஹாபாக்கள் அறிவிக்கிறார்கள். பிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா (அலை) அவர்கள் தன் நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்று இறைஞ்சியது, கேட்பவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே. தன்னை விடத் தெளிவாகப் பேசும் சகோதரனைத் துணைக்குக் கேட்கவும் அவர் கூச்சப்படவில்லை. அல் பீரூனி தன் முதுமையில் மருந்துகளைப் பற்றி எழுதிய கிதாபுஸ் ஸைதனாவிலே ஒவ்வொரு மருந்துக்கும் அறபு, கிரேக்கம், சுரியானி, பாரசீகம், இந்திய மொழிகள் என்று பெயர்களைத் தேடித் தேடிப் பதிந்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோது தன் ஊருக்கு வந்த கிரேக்கர் ஒருவரிடம் செடிகளையும் விதைகளையும் எடுத்துப் போய், உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்வாராம். சூரியனையும் சந்திரனையும் வரைந்த அந்தப் பொடியன் எனக்கு அந்தச் சிறுவனை நினைவூட்டினான்.

இன்னொரு ஆட்சேபணை உண்டு. இந்த இதழின் நண்பர் ஒருவர் இதை வாய்வழியாகக் கேட்டுவிட்டு எழுப்பியது. புள்ளிக்காகச் சிரிப்பதும் புள்ளிக்காக அனுதாபம் காட்டுவதும் முகஸ்துதி அல்லவா? இஃக்லாஸ் இல்லாத பரிவைப் பழக்குவது நயவஞ்சகத்தைப் பழக்குவதாகாதா? கேள்வி கனமானது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவிலே இதற்கு அண்மையான ஓரிடத்தில், அழகாக எழுத விரும்புகிறவன் முதலில் எழுத்தணிக் கலைஞனின் கையைப் பார்த்து வலிந்து எழுதுகிறான், எழுதி எழுதி அது அவனுடைய இயல்பாகிறது, குணங்களும் அப்படித்தான் படிகின்றன என்ற கருத்தைச் சொல்கிறார். நண்பருக்கு இது போதவில்லை. கை வேறு, கல்பு வேறு என்றார்.

என் பதில் கொஞ்சம் முரடானது. ராத்தாவுக்கு அன்று வேண்டியிருந்தது கல்பு அல்ல, கேள்வி. உள்ளே ஒருவர் எந்த நிய்யத்தும் இல்லாமல், மேலதிகாரிக்குப் பயந்தாவது, எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். நிய்யத்தின் கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். அது பரீட்சகரின் அதிகாரத்துக்குள் வருவதல்ல. மருந்தாளரின் நாவு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அமானத் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதே விசாரணை. சிரித்துக்கொண்டு ஒப்படைத்தாரா என்பது பிறகு.

அமைதியான அறையில் ஏழு நிமிடம் கொடுத்துப் பரீட்சித்துவிட்டு, நாற்பது விநாடிக்கு ஒருவரை அனுப்ப வேண்டிய கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பிள்ளையை நிறுத்துவது பற்றியும் எழுத வேண்டும். கருத்தடைக் குளிசை பற்றி ஆண்கள் நிற்கும் வரிசையில் உரத்துச் சொல்லக் கேட்டு, மருந்தை வாங்காமலே திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும். அது மாணவரின் நாவில் உள்ள குறையல்ல. கட்டடத்தில் உள்ள குறை. அதற்கு யார் புள்ளி போடுவது?

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதி முடித்திருந்தால் கட்டுரை இங்கே நின்றிருக்கும். ஆனால் பரீட்சை முடிந்து இரண்டு நாளில், அந்த ஊர் பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்டேன். அந்த நம்மவளை. என்னை அடையாளம் கண்டு ஸலாம் சொன்னாள். சோதனை முடிந்துவிட்டதால் கேட்பதில் தப்பில்லை என்று நினைத்து, “மகள், நோன்பு வருதே, அதைப் பத்தி ஏன் கேக்கல்ல?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். “எனக்கு நினைவு வந்தது சேர். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்துல மிஸ் இருந்தாங்க. முஸ்லிம் புள்ளை முஸ்லிம் ஆளைக் கண்டதும் மார்க்கக் கதை கதைக்குது எண்டு நினைப்பாங்களோ எண்டு... இப்ப இருக்கிற நிலைமையில... கேக்காம விட்டுட்டேன்” என்றாள். பிறகு, “அது நிஜ நோயாளியா இருந்தா கேட்டிருப்பேன் சேர்” என்று சேர்த்துக்கொண்டாள். சொன்னதை அவளே நம்பினாளா என்பது எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பொடியனுக்கு நோன்பைப் பற்றிக் கேட்பது ஒரு மருத்துவக் கேள்வி. அவளுக்கு அது ஓர் ஆபத்து. ஒரே கேள்வியை ஒருவர் கேட்டால் அக்கறை, இன்னொருவர் கேட்டால் சந்தேகம் என்றிருந்த நாட்களில், இருவரையும் ஒரே தாளில் அளந்தோம். நானும் அளந்தேன். அவளுடைய மௌனத்தை அசட்டை என்று எடுத்துக்கொண்டு, நம்மவள் இப்படிச் செய்துவிட்டாளே என்ற ஆற்றாமையோடு இரண்டு போட்டேன். அவனுடைய தைரியத்துக்குப் போட்ட ஐந்திலும், அவளுடைய பயத்துக்குப் போட்ட இரண்டிலும் மருந்து எங்கே இருக்கிறது? என்றாலும் அந்த இரண்டு முழுப் பிழையும் அல்ல. கேட்கப்படாத கேள்வியின் விலையைக் கொடுப்பவர் அவளல்ல, வரப்போகும் தபாலதிபர்.

அன்று மாலையே விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு நான் போட்டதைத் திருத்த வேண்டும் என்றேன். காரணம் என்ன என்று கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குக் கூடாது என்று தோன்றியது.

“தாளெல்லாம் ஒப்படைச்சாச்சே சேர்” என்றார். “திருத்துறதுக்கு நீங்க பரீட்சகரும் இல்ல. நோயாளிதானே.”

ராத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் பொடியனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் புள்ளைக்கு எத்தினை போட்டாய்?” என்றுதான் கேட்டார். சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி, “அதுவும் ஓம் மிஸ் எண்டுதான் சொல்லியிருக்கு” என்றார்.